குளிரில் மட்டும் வந்தவள்

அப்புத்தளையில் நான் பதினொரு வருஷம் விஞ்ஞானம் படிப்பித்தேன். ஊருக்குள் எனக்கு இருந்த பெயர் ‘ரேடியோ சேர்’. எந்தப் பெட்டி பேச மறுத்தாலும் என் அறைக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். எனக்கு ரேடியோ திருத்தத் தெரியாது என்றால் நம்ப ஆளில்லை. தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் எனக்கு நன்றாகத் தெரிந்த பொருள் ஒன்றே ஒன்றுதான். அது உப்புக்கல்லைவிடச் சின்னது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் மூன்று வருஷம் குறைகடத்தி லேசர்களின் ஆயுளை அளந்துகொண்டிருந்தேன். குவாண்டம் கிணறு லேசர் என்று பெயர். வீட்டில் சொன்னபோது அம்மா, “எத்தனை பாகம் ஆழம்?” என்று கேட்டார். சில பத்து அணுக்களின் தடிப்புத்தான் என்றேன். “அதுக்குள்ளை நீ என்னத்தை அள்ளுறாய்?” என்றார். பதில் இருந்தது, சொன்னால் இன்னும் சிரிப்பார் என்று சொல்லவில்லை.

விஷயம் இவ்வளவுதான். இரண்டு தடித்த படை அடுக்குகளுக்கு நடுவில் மிக மெல்லிய ஒரு படை. மின்சாரத்தோடு வரும் இலத்திரன்கள் அதற்குள் விழுந்து, ஏற வழியில்லாமல் நின்று, வெளிச்சமாகித் தீர்கின்றன. குறைந்த மின்னோட்டத்தில் மங்கலாகக் கசியும். ஓர் அளவைத் தாண்டியதும் சட்டென்று உயிர் வந்துவிடும். தாண்ட வேண்டிய அந்த அளவு வயது போகப் போகக் கூடும், சூடேறினாலும் கூடும். சூட்டில் இலத்திரன்கள் கிணற்றை விட்டு வழிந்து ஓடிவிடும், வெளிச்சம் படுத்துவிடும். மின்னோட்டத்தைக் கூட்டி வெளிச்சத்தை மீட்கலாம். ஆனால் அப்போது இன்னும் சூடாகும், இன்னும் வேகமாகக் கிழடுதட்டும். என் வேலை, அவற்றைச் சூட்டுத் தட்டில் வைத்து, தாங்க முடியாத மின்னோட்டம் கொடுத்து, சாகும்வரை பக்கத்திலிருந்து பார்த்து, எத்தனை மணி நேரம் தாங்கின என்று எழுதுவது. அந்தப் படிப்பு பாதியில் நின்றது. அது பெரிய கதை, அதில் பாதி என்னுடைய கோபம். ஆசிரியர் நியமனம் அப்புத்தளைக்கு வந்தது. லேசர் என்ற சொல்லையே மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ இருக்கும். தீபாவளி கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. கதவைத் திறந்தால் மூடுபனிக்குள் ஒரு பெண் நின்றிருந்தார். நாற்பதை நெருங்கும் வயது, பெரகல பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுப்பவர். முன்னே பின்னே பார்த்ததில்லை. இடுப்பில் கட்டும் படங்கில் ஒரு விசிடி பிளேயரைச் சுற்றி, கைக்குழந்தையை அணைப்பதுபோல அணைத்திருந்தார்.

“ஓடுதுங்க சேர். கொஞ்ச நேரத்துல நின்னுருது. ரெண்டு பேருகிட்ட காட்டியாச்சு, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாங்க.”

குவைத்துக்குப் போய்வந்த அவருடைய தங்கை கொண்டுவந்த பிளேயர். அதற்குள் ஒரு சீடி இருந்தது, அவருடைய மகள் பெரிய பிள்ளையான சடங்கின் வீடியோ. சடங்கு நடந்து இரண்டு வருஷத்தில் மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையை வண்டியில் கொண்டுவந்தார்கள். ஒரே பிள்ளை. கணவர் அதற்கும் முன்பே போய்விட்டார். இதையெல்லாம் அவர் கொழுந்து நிறை சொல்வதுபோல ஒரே குரலில் சொன்னார். நான் பிளேயரை என் தொலைக்காட்சிப் பெட்டியில் பொருத்தினேன்.

இந்தச் சடங்கு வீடியோக்களை அறிந்தவர்களுக்குத் தெரியும், அவற்றில் யார் குரலும் இராது. ஸ்டூடியோக்காரர்கள் முதலிலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிடுவார்கள். மாமன் வருவார், வாயசைப்பார், பாட்டுத்தான் கேட்கும். இந்த சீடியில் மட்டும் தொடக்கத்து எட்டு நிமிஷத்துக்குப் பாட்டுப் போட மறந்திருந்தார்கள். பிள்ளையைப் பலகையில் உட்காரவைத்து யாரோ பின்னால் நின்று தலையில் பூ வைக்கிறார்கள். வெளியே நாய் குரைக்கிறது. ஆறாவது நிமிஷத்தில் அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே, “குத்துதும்மா” என்கிறாள். படத்துக்கு வெளியிலிருந்து தாயின் குரல், “பேசாம இரு” என்கிறது. அவ்வளவுதான். மகளின் குரல் என்று இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு சொல்.

எட்டு நிமிஷம் முடிந்து முதல் பாட்டு தொடங்கியதும் படம் சதுரம் சதுரமாக உடைந்தது. முகம் முதலில் போனது. சேலையின் சிவப்பு மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நீலத் திரை.

“இப்படித்தாங்க. வந்துட்டு போயிரும்.”

பெட்டியைத் தொட்டேன், இளஞ்சூடு. எனக்கு உடனே விளங்கிவிட்டது, சீடியை வாசிப்பதும் அதே உப்புக்கல் லேசர்தானே. பனிக்குள் நடந்து வந்ததில் பிளேயர் குளிர்ந்திருந்தது. குளிர் இருந்தவரை அந்தக் கிழட்டு லேசர் சமாளித்தது, சூடேறியதும் கைவிட்டது. ஆய்வுகூடத்தில் வரைபடத்தில் எத்தனை தரம் பார்த்த சங்கதி. பல வருஷங்களுக்குப் பிறகு எனக்கு உற்சாகம் பிறந்தது. முன்னால் ஒரு தாய் இருக்கிறார் என்பதுகூட ஒரு கணம் நினைவில் இல்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

“காலமை வெள்ளனப் போட்டுப் பாருங்கோ அக்கா,” என்றேன். “அடுப்பு மூட்ட முதல். கதவடியில வையுங்கோ. குளிரிலதான் இது வேலை செய்யும்.”

அவர் அதை மந்திரம் வாங்குவதுபோல வாங்கிக்கொண்டு போனார்.

தை மாதத்தில் ஒருநாள், அவர் இருந்த லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்துக் காம்பராவில் இருக்கும் பெண் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். முகத்தில் கடுகடுப்பு.

“சேர், நீங்கதான அடுப்பு மூட்டக் கூடாதுன்னு சொன்னீங்க? அவ துணிய நனைச்சு அந்தப் பெட்டி மேல போட்டுக்கிட்டு, கதவத் தொறந்து வச்சுக்கிட்டு குந்தியிருக்கா. நெஞ்சுச் சளி. ஒருக்கா வந்து பாருங்க.”

மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் கூடும் முன்னே போனேன். லயம் முழுக்கப் புகை எழும்பிக்கொண்டிருந்தது, அந்த ஒரு காம்பராவின் கூரையில் மட்டும் இல்லை. உள்ளே ஆறேழு பெண்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். விளக்கு இல்லை, நெருப்பு இல்லை. ஒவ்வொருவர் வாயிலிருந்தும் வெண்மூச்சு வந்துகொண்டிருந்தது. யாரும் என்னை ‘வாங்க’ என்று சொல்லவில்லை. நடுவில் தாய், மடியில் கைகளைக் கோர்த்து வைத்திருந்தார்.

தொலைக்காட்சித் திரை கறுப்பாகி, பிறகு அந்தப் பிள்ளை வந்தாள். யாரோ ஒருத்தி, “வந்துட்டா” என்று மெதுவாகச் சொன்னாள். வாசலிலிருந்து மூடுபனி உள்ளே வந்து எங்கள் கால்களுக்கிடையே கிடந்தது. “குத்துதும்மா” என்ற குரல் வந்தபோது எல்லாப் பெண்களும் கண்ணை மூடிக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் சதுரங்களாகிக் கலைந்தாள். பக்கத்துக் காம்பராப் பெண், என்னிடம் முறையிட்ட அதே பெண், எழுந்து போய்த் திரையின் மூலையில் திருநீறு பூசினார். “வெயில் வந்தா அவ நிக்க மாட்டா சேர்,” என்று எனக்கே சொல்லித்தந்தார்.

எனக்குப் பேய், ஆவி எதிலும் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அன்று காலை உடம்பெல்லாம் சில்லிட்டு நின்றேன். பயந்தது அந்தப் பிள்ளைக்கு அல்ல. இந்தச் சடங்கை உண்டாக்கினவன் நான். ஒரு வரைபடத்தின் சரிவை எடுத்து இவர்களுக்கு விதியாகக் கொடுத்திருந்தேன். பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை பின்னால் யாரோ நடந்து வருவதுபோல இருந்தது, இரண்டு தரம் திரும்பியும் பார்த்தேன்.

பங்குனி பிறந்ததும் காலையில் குளிர் குறைந்தது. எட்டு நிமிஷம் ஏழாகியது, ஐந்தாகியது. ஒரு ஞாயிறு அவர் மறுபடி என் வாசலில் நின்றார்.

“கொரல் வரலைங்க சேர். அதுக்கு முன்னாடியே போயிருது. முகத்த மட்டும் காட்டிட்டு போயிருது.”

முன்னால் ஓட்டிப் பார்க்கலாமே என்று யாரும் கேட்பார்கள். ஓட்டினேன். அந்த இளைத்த லேசருக்குத் தாவத் திராணியில்லை, தாவினால் தடத்தைத் தவறவிட்டு நீலத் திரைக்குப் போய்விடும். சீடியை வாங்கிக்கொண்டு அடுத்த விடுமுறைநாள் பதுளைக்குப் பஸ் ஏறினேன். ஒரு கடைக்காரர், பொறுமையான மனிதர், அடுக்கிலிருந்த எல்லாப் பிளேயரிலும் போட்டுக் காட்டினார். எல்லாம் ‘நோ டிஸ்க்’ என்றன. ஸ்டூடியோவில் ஏதோ மட்டமான சீடியில் பதிந்திருந்தார்கள், சாயம் வெளிறிப்போயிருந்தது. புதிதாக வந்த டிவிடி பிளேயர்களின் சிவப்பு ஒளிக்கு அந்தச் சாயம் மறுமொழியே கொடுக்காது, குவைத்துப் பிளேயரின் பழைய ஒளிக்கு மட்டுந்தான் அது பணிந்தது. கணினிகளும் கைவிரித்தன. ஸ்டூடியோவில் விசாரித்தால், மூல ஒளிநாடாவில் அடுத்த கல்யாணத்தைப் பிடித்துவிட்டார்களாம், எல்லா ஸ்டூடியோவும் செய்கிற வேலை. ஆக, உலகத்தில் அந்தப் பிள்ளையைக் கொண்டுவரக்கூடியது அந்த ஒரே ஒரு லேசர்தான், அதுவும் செத்துக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு அவரை வரச் சொல்லி, பிளேயரைத் திறந்தேன். லேசர்த் தலையின் பக்கத்தில் எள்ளளவில் ஒரு திருகு இருக்கும். அதைத் திருப்பினால் லேசருக்குப் போகும் மின்னோட்டம் கூடும். எவ்வளவு கூட்டினால் எவ்வளவு நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியும். இந்த நாட்டில் அதைத் தெரிந்தவர்கள் என்னோடு சேர்த்து எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? சின்னத் திருகாணி முனையை வைத்து, அரைக்கால் சுற்றுத் திருப்பினேன். போதாது. இன்னும் கொஞ்சம்.

பகல் பதினொரு மணி. ஜன்னலால் வெயில் மேசைமேல் விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பிள்ளை வந்தாள். முன்னெப்போதும் இல்லாத துலக்கம், நெற்றிச்சுட்டியின் கல்கூடத் தெரிந்தது. குரல் வந்தது. எட்டு நிமிஷம் கழிந்து பாட்டு வந்தது, மாமன் வந்தார், சோறு பரிமாறினார்கள், சீடி கடைசிவரை ஓடி முடிந்தது. தாய் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வெயில்ல வந்திருக்கா சேர்,” என்றார்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும், இது இரண்டு கிழமை தாங்கினால் பெரிய காரியம் என்று. எனக்கு வாய் வரவில்லை. அது இரக்கம் இல்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒருவர் என்னைக் கெட்டிக்காரனாகப் பார்க்கிறார், அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் இல்லை. “சரி வந்திட்டுது, கொண்டு போங்கோ,” என்றேன்.

மூன்றாம் நாள், வகுப்பில் நின்றுகொண்டிருக்கும்போது, பொறிதட்டியது. பள்ளிக்கூடத்தில் ஒரு வீடியோ டெக் இருந்தது. பிளேயரின் வயரை அதில் சொருகிப் பதிவு செய்தால் முடிந்தது. லேசர் செத்தாலும் பிள்ளை நாடாவில் இருப்பாள். அரைமணி நேர வேலை. மக்கு வேலைக்காரன்கூட முதலில் இதைச் செய்துவிட்டுத்தான் திருகில் கைவைப்பான். சனிக்கிழமை போகலாம் என்று வைத்துக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமை, டெக்கைப் பூட்டி வைத்திருந்த அலுமாரியின் திறப்பு பள்ளிக்கூட அதிபரிடம், அதிபர் பண்டாரவளையில். தேடிப் போயிருக்கலாம். தவணைச் சோதனைத் தாள்கள் குவிந்து கிடந்தன, போகவில்லை. அடுத்த சனிக்கிழமை டெக்கைப் பயணப்பையில் வைத்து, துவாயால் சுற்றி, மலையிறங்கி லயத்துக்குப் போனேன்.

காம்பராக் கதவு திறந்திருந்தது. அவர் தனியாக, பிளேயருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து முந்தானையைச் சரிசெய்தார்.

“அவ போயிட்டா சேர். வியாழக்கெழம.”

பையைக் கீழே வைத்தேன். பிளேயரை இயக்கினேன். நீலத் திரை. மூடியைக் கழற்றிப் பார்க்கவே தேவையில்லை, பார்த்தேன். தலை மேலும் கீழும் அசைந்து எதையோ தேடியது, மூன்று தரம் தேடி நின்றுவிட்டது. லேசர்ப் படிகத்தின் முகம் வெந்துபோனால் அப்படித்தான். எத்தனை மின்னோட்டம் கொடுத்தாலும் பிறகு வெறும் கசிவு மட்டுமே.

நான் பேச வாயெடுக்குமுன் அவர் தொடங்கிவிட்டார். பார்வை என்மேல் இல்லை, அரிசியில் இருந்தது.

“நாந்தான் சேர் போக்கிட்டேன்.”

“நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

“நீங்க சரி பண்ணிக் குடுத்த பொறவு எந்நேரமும் வந்தா. மலையிலருந்து வந்து போட்டா வருவா. சமைக்கிறப்போ வருவா. மொத ரெண்டு நாளு வேலைக்கே போகாம பாத்தேன். மூணாம் நாளும் பாத்தேன். பொறவு…” சுளகை ஒருதரம் தட்டினார். “பொறவு பழகிருச்சு சேர். அவ பாட்டுக்கு ஓடிக்கிட்டிருப்பா, நான் பாட்டுக்கு வேலையப் பாப்பேன். வியாழக்கெழம அரிசி கழுவிக்கிட்டிருந்தேன். குத்துதும்மான்னா. எனக்கு கேட்டுச்சு. திரும்பிப் பாக்கல. கழுவி முடிச்சுட்டுப் பாப்பம்னு இருந்துட்டேன். பொறவு சத்தத்தையே காணோம்.”

பக்கத்துக் காம்பராவில் யாரோ இருமினார்கள். அவர் தொடர்ந்தார்.

“மார்கழியில அம்புட்டுக் குளிரையும் தாங்கிக்கிட்டு, ஒரு நிமிசம் வருவாளான்னு கெடந்தேன். வெயில்லயே வந்து நின்னா. நான் முதுகக் காட்டிட்டேன். அதான் போயிட்டா.”

இதை மட்டும் விடக் கூடாது என்று நினைத்தேன். இறந்த பிள்ளைக்காக அழட்டும், ஆனால் என் பிழையை இவர் சுமந்துகொண்டு அந்த மலையில் ஏறி இறங்கக் கூடாது. பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். லேசர் என்றால் என்ன, அதற்கு முதுமை வருவது எப்படி, திருகைத் திருப்பினால் என்ன நடக்கும். இரண்டு கிழமையில் சாகும் என்று தெரிந்தே திருப்பினேன் என்றும் சொன்னேன். டெக்கை வெளியே எடுத்துக் காட்டி, இதை முதலே கொண்டுவந்திருந்தால் பிள்ளை என்றைக்கும் உங்களிடம் இருந்திருப்பாள், சோம்பலில் விட்டுவிட்டேன் என்றேன். “நீங்கள் பார்த்திருந்தாலும் அது அந்த வியாழக்கிழமை செத்துத்தான் இருக்கும் அக்கா. கொன்றது நான்.”

அவர் கடைசிவரை கேட்டார். பிறகு முதல்தடவையாக என் முகத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

“நான் கலங்கக் கூடாதுன்னுதான சேர் பழிய உங்க தலையில போட்டுக்கிறீங்க,” என்றார். “இம்புட்டுத் தூரம் நடந்து வந்து. எங்கள மாதிரி ஆளுங்களுக்காக யாரு இப்படிச் சொல்லுவாங்க.”

“இல்லை அக்கா, உண்மையாத்தான். நான்தான்.”

“தெரியுங்க சேர், தெரியுங்க.” என் முன்னால் கைகூப்பினார்.

மறுபடி தொடக்கத்திலிருந்து சொன்னேன். பையிலிருந்த தாளில் கோடு போட்டுக் காட்டினேன், மின்னோட்டம் இங்கே, ஆயுள் இங்கே என்று. கோபத்தில் குரலும் உயர்ந்தது. அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சொல்லச் சொல்ல, அவர் கண்ணில் நான் இன்னும் இன்னும் நல்லவனாகிக்கொண்டே போனேன்.